57 டாலருக்குச் சாப்பாட்டு டிக்கெட்

2024 ஏப்ரல் மாதம், ராத்திரி பத்தரை மணி இருக்கும். கடையில் வருஷக் கணக்கு முடித்துவிட்டு வந்து படுத்தேன். தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காவின் விடுதிகளில் தங்குகிறவர்கள் முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் சாப்பாட்டுத் திட்டத்தின் விலைப்பட்டியல். கீழே ஒரு வரி: "அண்ணே, இது கட்டுபடியாகுமா? நீ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாரு."

அவன் அமெரிக்காவில் இருக்கிற சாஃப்ட்வேர்க்காரன். ஜூனில் அப்பா அம்மாவும் அவன் குடும்பமுமாக நாலு இரவு அங்கே போய்த் தங்குகிற யோசனை. நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அவன் ஏன் என்னிடம் கேட்கிறான் என்றால், நாங்கள் இரண்டு பேரும் மெஸ்காரர் பிள்ளைகள். அவன் படிப்பில் கெட்டி என்பதால் கல்லாவில் உட்காரவே இல்லை. நான் உட்கார்ந்தேன். டிக்கெட் விற்பவன் பக்கத்துக் கணக்கு எனக்குத் தெரியும் என்பது அவன் நம்பிக்கை.

அப்பாவின் மெஸ் பத்து வருஷத்துக்கு முன்பே மூடியாகிவிட்டது. சைவ மெஸ். காலேஜ் பையன்களும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேலை பார்க்கிற கல்யாணமாகாத ஆட்களும்தான் வாடிக்கை. மாதம் பிறந்தால் டிக்கெட் புத்தகம் வாங்கிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மஞ்சள், ராத்திரி டிபனுக்கு ரோஸ். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அப்பா கையால் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கும். பையன் வந்து ஒன்றைக் கிழித்துக் கல்லாவில் வைப்பான், நான் அதைக் குத்தூசியில் சொருகுவேன், அப்புறம்தான் இலை விழும். சாயங்காலம் கம்பியிலிருந்து உருவி எண்ணிப் பார்த்தால் அன்றைய கணக்கு வந்துவிடும். பழைய டிக்கெட்டுகளில் சாம்பார் மணம் வீசும். அதை எண்ணி எண்ணி என் கட்டைவிரலே மஞ்சளாக இருந்த காலம் உண்டு.

அந்தத் தொழிலின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். அறுபது டிக்கெட் வரவேண்டிய நாளில் அப்பா ஐம்பது இலைக்குத்தான் உலை வைப்பார். வெள்ளிக்கிழமை என்றால் நாற்பதுக்கு. மன்னார்குடிப் பையன், பாபநாசம் பையன், திருவாரூர்ப் பையன் எல்லாரும் சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த மாதம் பழைய டிக்கெட் செல்லாது. "வந்த டிக்கெட்ல அரிசிக் காசு வரும். வராத டிக்கெட்லதான்டா வீட்டு வாடகை வரும்" என்பார் அப்பா. ஏமாற்று என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சாப்பாடு தயாராகத்தானே இருந்தது, வராதது அவன் பாடு.

அதனால் தம்பி அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் நான் முதலில் விலையைப் பார்க்கவில்லை. மிஞ்சினால் என்ன ஆகும் என்றுதான் தேடினேன். இருந்தது. அறையைக் காலி செய்கிற நாள் நள்ளிரவோடு மீதி எல்லாம் காலாவதி. பணம் திரும்ப வராது. அட, நம்ம மஞ்சள் டிக்கெட்!

அந்த வருஷத் திட்டம் இப்படி. இரண்டு தினுசு. சின்னத் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்குக் கவுண்டரில் வாங்கிச் சாப்பிடுகிற சாப்பாடு இரண்டு, நொறுக்குத்தீனி ஒன்று. கூடவே தங்கியிருக்கிற விடுதியில் காபியோ குளிர்பானமோ எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ள ஒரு குவளை. 2024 விலை பெரியவருக்கு 57 டாலர் 1 சென்ட், குழந்தைக்கு 23 டாலர் 83 சென்ட். பெரிய திட்டத்தில் இரண்டு கவுண்டர் சாப்பாட்டில் ஒன்று போய், அதற்குப் பதில் மேஜையில் உட்கார்ந்து பரிமாறச் சாப்பிடுகிற சாப்பாடு ஒன்று. பெரியவருக்கு 94 டாலர் 28 சென்ட், குழந்தைக்கு 29 டாலர் 69 சென்ட். குழந்தை என்றால் மூன்றிலிருந்து ஒன்பது வயது வரை. பத்து ஆகிவிட்டால் பெரிய ஆள் கணக்கு. நம் ஊர் பஸ்ஸில் பன்னிரண்டு வரை அரை டிக்கெட் கொடுக்கிறோம். அங்கே பத்து வயதுப் பையன், சாப்பாட்டு விஷயத்தில், அவன் அப்பனுக்குச் சமம்.

கும்பகோணத்துக்காரனாக அந்த 57 டாலரை 83-ஆல் பெருக்கினேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,700 ரூபாய். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பெருக்கினேன். அதே தொகைதான் வந்தது.

இந்தத் திட்டம் 2005-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் மேஜைச் சாப்பாட்டோடு முதலில் கொறிக்கிற ஐட்டமும், பரிமாறுகிறவருக்கு டிப்ஸும் அதிலேயே அடக்கம். 2008-இலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மெஸ் நடத்தியவர்களுக்கு இது புரியும். விலையை ஏற்றினால் பையன்கள் சத்தம் போடுவார்கள், அதனால் முதலில் அப்பளத்தை இரண்டிலிருந்து ஒன்றாக்கு, அப்புறம் கூட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கு. 2018-இல் இருபத்தொரு வயதானவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மதுபானம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். 2020-இல் கொரோனாவோடு எல்லாம் நின்றுபோய், 2024 ஜனவரி 9-இல்தான் திரும்ப வந்தது. தம்பி கேட்டது அது திரும்பி வந்து மூன்று மாதத்தில்.

எனக்கு உறுத்தியது அந்த மதுபானம்தான். அங்கே அப்போதே ஒரு காக்டெயில் பதினைந்து டாலரைத் தொட்டது. சாப்பாட்டோடு அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்து விலை நிர்ணயம் செய்கிற இடத்தில், பச்சைத் தண்ணீர் குடிக்கிறவனும் அதே விலைதான் கொடுக்கிறான். அதேபோல மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிடுகிறவனுக்கும், பக்கத்து மேஜையில் காய்கறி போட்ட ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுகிறவனுக்கும் போகிற டிக்கெட் ஒன்றுதான். மெனுவில் தாவர உணவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை படம் போட்டிருப்பார்கள். தம்பி அனுப்பிய மெனுக்களில் அந்த இலையாகத் தேடிப் பார்த்தேன். கவுண்டர் கடைகளில் இலை போட்ட அயிட்டம் பெரும்பாலும் பதினான்கு டாலரை ஒட்டி நின்றது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஐஸ் போட்டுச் சும்மாவே கொடுப்பார்கள்.

சரி, எங்கள் அப்பா அம்மாவுக்குப் போடுவோம் என்று பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு வேளைச் சாப்பாடு 28. நொறுக்குத்தீனி 6. இரண்டு பேரும் காபி இல்லாமல் இருக்க மாட்டார்கள், அதற்கு 8. மொத்தம் 42. அந்த ஊர் விற்பனை வரி ஆறரை சதவீதம். 45-க்குள் முடிந்துவிடுகிறது. திட்டத்தின் விலை வரியோடு சேர்த்து 57. நாள் ஒன்றுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு டாலர் நஷ்டம், இரண்டு பேருக்கு நாலு இரவுக்கு 96. அதாவது நம் காசில் எட்டாயிரம். எல்லா டிக்கெட்டையும் ஒன்று விடாமல் சாப்பிட்டால்தான் இந்த நஷ்டம். விட்டால் இன்னும் கூடும்.

தம்பி குடும்பத்துக்கோ பெரிய திட்டம் போட்டால் கணக்கு இன்னும் மோசம். அவன், எங்கள் வீட்டு மருமகளான அவன் மனைவி, பதினோரு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். நாலு இரவுக்கு 1,250 டாலர். ஒரு லட்சத்துக்கு மேல். அதுவும் டிப்ஸ் தனி. ஆறு பேரும் சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தால், ஆறு பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்துக்கு என்ற விதிப்படி பில்லிலேயே 18 சதவீதம் டிப்ஸ் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

இதில் உண்மையிலேயே லாபம் இருப்பது ஒரே ஓர் ஆளுக்கு. அந்த ஐந்து வயதுக்காரிக்கு. மிக்கி வேஷம் போட்டவர்கள் மேஜை மேஜையாக வந்து படம் எடுத்துக்கொள்கிற பஃபே இருக்கிறதே, அதில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழந்தைக்கு மட்டுமே அப்போது 40 டாலரை ஒட்டி வந்தது. அவள் திட்டத்தில் அது ஒரு மேஜைச் சாப்பாடுதான். 30 டாலருக்குள் அதுவும் அடக்கம், இன்னொரு சாப்பாடும் அடக்கம். ஆனால் அவளுக்கு மட்டும் வாங்க முடியாது. ஒரே அறையில் தங்குகிற மூன்று வயது நிறைந்த எல்லாரும் ஒரே திட்டத்தை வாங்கவேண்டும். குழந்தைக்கு லாபம் காட்டி அப்பன் ஆயி அண்ணன் மூன்று பேரையும் உள்ளே இழுத்துவிடுகிறான். எங்கள் அப்பாவுக்கு இந்த யோசனை அப்போதே தோன்றியிருந்தால் மெஸ்ஸுக்கு மாடி கட்டியிருப்பார்.

"கறியும் குடியும் இருந்தால்தான்டா கட்டுபடியாகும். நமக்கு வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது. இரண்டு நிமிஷம். "அண்ணே, கணக்கு எனக்கும் தெரியும். போன தடவை அப்பா இங்க வந்தப்ப நடந்தது உனக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. 2018-இல் அப்பாவும் அம்மாவும் முதல்முறை போனபோது, தம்பி அவர்களை நியூஜெர்சியில் ஒரு தென்னிந்திய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். அப்பா மெனு அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வலது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தார். பிறகு அட்டையை மூடி மேஜையில் வைத்தார். "எனக்குப் பசிக்கல. நீங்க சாப்பிடுங்க." அம்மாவுக்கும் உடனே பசி போய்விட்டது. அந்த ஒரு மாதமும் வெளியில் எங்கே போனாலும் அதேதான். வீட்டுக்கு வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மோர் ஊற்றிப் பழையசாதம் சாப்பிடுவார்களாம். முப்பது வருஷம் இலை இலையாக எண்ணிச் சோறு போட்ட மனுஷனுக்கு, இரண்டு இட்லிக்கு அந்த விலை போடுகிற கடையில் உட்காருவதே தொழிலுக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருந்திருக்கும். சர்க்கரை மாத்திரை போடுகிற ஆள். ஜூன் மாத வெயிலில் நாள் பூராவும் நடக்க வேண்டிய இடத்தில் "பசிக்கல" என்று சொன்னால் மயங்கித்தான் விழுவார்.

தம்பி சொன்னான்: "காசு கட்டியாச்சு, சாப்பிடலைன்னா வீணாப்போகும்னு சொன்னா அவர் சாப்பிடுவாரு. அந்த எட்டாயிரம் அதுக்குத்தான்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மெஸ்ஸில் டிக்கெட் புத்தகம் வாங்குகிற பையன்களைப் பற்றி அப்பா சொன்னது ஒன்று நினைவுக்கு வந்தது. கையில் காசு இருக்கிற பையன் மத்தியானம் டீயும் பன்னும் சாப்பிட்டு மிச்சத்தைச் சினிமாவுக்கு வைத்துக்கொள்வான். டிக்கெட் இருக்கிற பையன்தான் சோறு சாப்பிடுவான். அதனாலேயே சில அப்பாக்கள் ஊரிலிருந்து வந்து, பையன் கையில் பணம் கொடுக்காமல், நேராகக் கல்லாவில் கட்டிவிட்டுப் போவார்கள். இப்போது பையன் அப்பாவுக்குக் கட்டுகிறான்.

முடிவில் இப்படிச் செய்தோம். இரண்டு அறை, இரண்டு தனிப் பதிவு. அப்பா அம்மா அறைக்குச் சின்னத் திட்டம், 456 டாலர். தம்பி அறைக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் அவ்வப்போது வாங்கிச் சாப்பிடுவார்கள், குழந்தைக்காக ஒரே ஒருநாள் மிக்கி பஃபே கைக்காசில். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகத் தடை இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. நம் ஊர் சினிமா தியேட்டரில் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்கிறான்கள்! அம்மா அதைக் கேட்டதும் ஒரு கிலோ புளிக்காய்ச்சல் கிண்டி இரண்டு டப்பாவில் அடைத்துக்கொண்டாள். நான் அம்மாவிடம், "டிக்கெட் வாங்கியிருக்கும்மா, புளிசாதம் கட்டிட்டுப் போனா டிக்கெட் மிஞ்சும்" என்றேன். "மிஞ்சினா மிஞ்சட்டும். உங்கப்பா அந்த ரொட்டிய எத்தனை நாளைக்குத் தின்பாரு" என்றாள். அவள் கணக்கு வேறு.

ஜூன் இரண்டாவது வாரம் அங்கே போனார்கள். முதல் நாள் ராத்திரி எனக்கு வீடியோ காலில் அப்பா. பின்னால் ஏதோ வாணவேடிக்கை. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு பத்தி: சாப்பாடு 16, தீனி 8. பக்கத்தில் கோடுகள். "இன்னிக்கு ரெண்டு சாப்பாடு, ஒரு தீனி போச்சு. மீதி பதினாலு, ஏழு" என்றார். கவுண்டரில் கொடுக்கிற ரசீதிலேயே மீதி எத்தனை என்று அச்சாகி வருகிறது என்று தம்பி சொல்லியும் கேட்கவில்லை. ரசீது அவன் கணக்கு, இது என் கணக்கு என்றுவிட்டார். டிக்கெட்டுக்குப் பதில் கையில் ஒரு ரப்பர் பட்டை. அதைக் கருவியில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். "குத்தூசி இல்ல, கிழிக்கிறது இல்ல. எவன் எத்தனை தின்னான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவரே, "கம்ப்யூட்டர்" என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

அவர் சாப்பிட்டாரா? சாப்பிட்டார். வேளை தவறாமல். இலை படம் போட்ட அயிட்டத்தைக் காட்டி, "இதுல எது விலை ஜாஸ்தியோ அதைக் கொடு" என்று கேட்டிருக்கிறார். விலையைப் பார்த்து மெனு அட்டையை மூடிவைத்த அதே மனுஷன்! டிக்கெட் ஒன்றுதான் எனும்போது பதினான்கு டாலர் தட்டை எடுப்பவன் முட்டாள் என்பது அவர் வாதம். மருமகள் சொன்னாள், "மாமா மெனுவில் வலது பக்கம்தான் இப்பவும் பாக்குறாரு மாமா, ஆனா கீழேயிருந்து மேல." என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள், கேட்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

காபியைப் பற்றி மட்டும் எழுதுவதற்கில்லை. அந்தக் குவளையில் நாலு நாளும் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். அப்பா ஒருமுறை நிரப்பினார், ஒரு வாய் குடித்தார். அதற்கப்புறம் குவளை அறையில் பல் தேய்க்கும் பிரஷ் வைக்கப் பயன்பட்டது. கும்பகோணத்தில் பித்தளை டபராவில் நுரை தளும்பக் குடித்துப் பழகிய நாக்குக்கு, எத்தனை முறை இலவசம் என்பதில் என்ன இருக்கிறது. என் கணக்கில் காபிக்குப் போட்ட எட்டு டாலரை அடித்துவிடவேண்டும். நஷ்டம் அந்த மட்டும் கூடியது.

மூன்றாம் நாள் தம்பி எல்லாரையும் டிஸ்னியின் இன்னொரு விடுதியான அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கிற சனா என்ற ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான், அவன் காசில். அங்கே இந்திய ரொட்டி ஐந்து வகை, தொட்டுக்கொள்ள ஒன்பது வகை என்று ஒரு தட்டு பிரசித்தம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது. அம்மா அந்த ஒன்பதையும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "இதுல நாலு ஊறுகாய், ரெண்டு தயிர்ப்பச்சடி, மிச்சம் என்னன்னே தெரியல. ஆனா நல்லாருக்கு" என்றாளாம். அப்பா? "எனக்குப் பசிக்கல. என்கிட்ட டிக்கெட் இருக்கு, அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்." நான் இதை எதிர்பார்க்கவில்லை. டிக்கெட் அவரைச் சாப்பிட வைத்தது, டிக்கெட் செல்லாத இடத்தில் பட்டினி போட்டது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து, பஸ் பிடித்துத் தங்கியிருந்த இடத்துக்குப் போய், கவுண்டரில் பட்டையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தம்பிக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு.

ஆனால் தீனி டிக்கெட் விஷயத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். எட்டையும் தனக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பேரனும் பேத்தியும் சிணுங்கினால், "தாத்தா வாங்கித் தரேன் வா" என்று வண்டியிடம் கூட்டிப்போய், கையை நீட்டிப் பட்டையைக் காட்டுவார். மிக்கி காது வைத்த சாக்லேட் ஐஸ்கிரீம் வரும். அந்த ஊரில் அவரால் ஒரு பொருளையும் தன் கையால் வாங்கிக் கொடுக்க முடிந்ததில்லை. கார்டு, போன் எல்லாம் தம்பியிடம். நாலு நாள் மட்டும், கையை நீட்டினால் பொருள் வந்தது. மருமகள் எடுத்த ஒரு போட்டோவில் அப்பா கல்லாவில் உட்காருகிற அதே தோரணையில் நிற்கிறார், முதுகு நிமிர்ந்து. இந்த 96 டாலர் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் எனக்கு போன் செய்து, "காவிரியில தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார். அந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். "வரலப்பா" என்றேன். "இங்க எங்க பாத்தாலும் ஏரி" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் நோட்டில் சாப்பாடு இரண்டு, தீனி மூன்று மீதி. சாப்பாடு இரண்டும் புளிக்காய்ச்சல் செய்த வேலை. அம்மா இரண்டு வேளை கட்டுச்சோறு போட்டிருந்தாள். மீந்த அந்த இரண்டு டிக்கெட்டையும் அன்றைக்கே இருவருமாகச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டார்கள். தீனி மூன்றுக்கு அப்பா மிட்டாய்க் கடையில் அரைமணி நேரம் சுற்றி, ஊருக்கு எடுத்துப்போகிற மாதிரி உறை போட்ட பொருளாகத் தேடினார். மாதக் கடைசியில் மிஞ்சின டிக்கெட்டுக்கெல்லாம் எலுமிச்சைசாதம் பார்சல் கேட்கிற பையன்களை அவர் எத்தனை திட்டு திட்டியிருக்கிறார்! கடைசியில் மிக்கி தலை மாதிரி செய்த மூன்று உருண்டைகளை வாங்கினார். வெள்ளைப் பொரி, அரிசியில் செய்தது, இனிப்புப் பாகில் பிடித்தது. "நம்ம கார்த்திகைப் பொரி உருண்டைதான்டா, காது மட்டும் வச்சிருக்கான்" என்று எனக்கு போனில் சொன்னார்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒன்றாக எங்கள் பிள்ளைகளிடம் நீட்டும்போதுதான் வீடியோ காலில் இருந்த மருமகள் சத்தம் போட்டாள். உறையைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்தப் பாகு வெல்லப்பாகு இல்லை, மார்ஷ்மேலோ. அதில் ஜெலட்டின் இருந்தது. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. அப்பா மூன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, காசு கட்டினது ஆயிற்றே.

இரண்டைத் தெருக்கோடி வீட்டுப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று இப்போதும் கூடத்து ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் மடித்து வைத்த அந்தச் சின்ன நோட்டு. கடைசி வரியில் அப்பா கையெழுத்தில்: தீனி 3, பாக்கி இல்லை.